சாட்டிலைட்டில் பேச எந்த செட்? முழு டூப்ளெக்ஸுக்குக் கையைக் கடிக்காத வழிகள்

செங்கோட்டை, கம்பம், களியக்காவிளை என்று கேரள எல்லை ஊர்களில் புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் எடுப்பவர்கள் சாட்டிலைட் பக்கம் திரும்பியதும் கேட்பது ஒன்றுதான்: "முழு டூப்ளெக்ஸ் உள்ள செட்டில் மலிவானது எது?" ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டும் என்று தேடினால் ஒன்று விலை லட்சத்தைத் தாண்டும், இல்லையென்றால் உற்பத்தி நின்றுபோன பழைய செட்டில் போய் நிற்கும். அனுப்ப ஒரு செட், கேட்க ஒரு செட் என்று பிரித்துக்கொண்டால் செலவு கையைக் கடிக்காது. வேலையும் பல சமயம் அதில்தான் நன்றாக நடக்கிறது. ஆனால் எந்தப் பாதியில் காசைப் போடுவது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முழு டூப்ளெக்ஸ் என்றால் பீடிடியை (பேசும் பொத்தானை) அழுத்திப் பேசும்போதே நம் குரல் சாட்டிலைட்டிலிருந்து திரும்பி வருவதைக் காதால் கேட்பது. எஸ்ஓ-50 போன்ற எஃப்எம் சாட்டிலைட்டில் இருப்பது ஒரே சேனல். அது நம் தலைக்கு மேல் வரும்போது இலங்கையும் வட இந்தியாவும் தாய்லாந்தும் அதே சேனலில்தான் இருக்கும். நம் குரல் ஏறுகிறதா என்று தெரியாமல் திரும்பத் திரும்ப அழைப்பவர் மற்ற எல்லாருடைய பாஸையும் (சாட்டிலைட் நம் வானைக் கடந்துபோகும் நேரத்தையும்) கெடுக்கிறார். கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அதனால் இதை வசதி என்று பார்க்காமல் மரியாதை என்று பார்ப்பதே சரி.

நம் நாட்டில் திசை ஒன்றுதான்

வெளிநாட்டுப் பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் 70 சென்டிமீட்டர் பட்டையில் ஹாம்களுக்கு உள்ளது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. 1974-இல் ஏவப்பட்டு இன்னும் வெயில் படும்போது வேலை செய்யும் ஏஓ-7 தன் பி முறையில் அப்லிங்க் (நாம் மேலே அனுப்புவது) கேட்பது 432.125 முதல் 432.175 வரை. அந்த இடத்தில் நாம் அனுப்பக் கூடாது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏற்றிச் சென்ற நம்முடைய ஹாம்சாட் 435-இல் வாங்கி 145-இல் கொடுத்தது. கேட்பவருக்கு அது மிகச் சுலபமான திசை. அது 2014-இல் ஓய்ந்துவிட்டது.

இன்று பேசக் கிடைப்பவற்றில் முக்கியமானவை எல்லாம் எதிர்த்திசை. எஸ்ஓ-50-க்கு 145.850-இல் அனுப்பி 436.795-இல் கேட்க வேண்டும். விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டருக்கு 145.990-இல் அனுப்பி 437.800-இல் கேட்க வேண்டும். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறைக்கு ஆர்எஸ்-44: 145.935 முதல் 145.995 வரை மேலே, 435.610 முதல் 435.670 வரை கீழே. எஃப்ஓ-29-உம் இதே வகை. ஆக நாம் வாங்கும் எதுவாக இருந்தாலும் சோதிக்க வேண்டிய கேள்வி இதுதான்: 145-இல் 5 வாட் அனுப்பிக்கொண்டே 436-இல் மெலிந்த சிக்னலைக் கேட்குமா?

இது ஏன் கடினம் என்பதைக் கணக்காகப் பார்த்துவிடலாம். 5 வாட் என்பது 37 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து டெசிபெல்லில் சொல்லும் அளவு). இரண்டு ஆண்டெனாவும் ஒரே கைப்பிடியில் இருந்து, நடுவில் 30 டெசிபெல் தடுப்பு கிடைத்தால்கூட, கேட்கும் செட்டின் வாயிலில் +7 டிபிஎம் போய் விழும். எஸ்ஓ-50 வானிலிருந்து கொடுப்பது கால் வாட். 1,000 கிலோமீட்டரில் நல்ல யாகி (திசை ஆண்டெனா) வைத்துப் பிடித்தாலும் அது −110 டிபிஎம் அளவில்தான் வந்து சேரும். போதாக்குறைக்கு 145-இன் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அலைவரிசையில் எழும் உபரிச் சிக்னல்) நேராக 437-இல் விழுகிறது. எஸ்ஓ-50-இல் அது 437.550, கேட்கும் இடத்திலிருந்து 755 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. விண்வெளி நிலையத்தில் 437.970, அதாவது 170 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆர்எஸ்-44-இல் இரண்டு மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் விலகிவிடும். எஸ்ஓ-50-இல் நன்றாகக் கேட்ட செட் விண்வெளி நிலையத்தில் காது அடைத்துப்போவதற்கு இதுதான் காரணம்.

ஒரே பெட்டியில் வருபவை

ஐகாம் ஐசி-9700 இப்போதைய செட்களில் இந்த வேலைக்கென்றே செய்தது. சாட்டிலைட் முறை, இரு பட்டைக்கும் தனித்தனி சாக்கெட், எஸ்எஸ்பி, எஃப்எம் எல்லாம் உண்டு. காசு இருந்தால் வாங்கலாம், ஆனால் 'கையைக் கடிக்காத' என்ற தலைப்புக்குள் அது வராது.

பழைய செட்களில் யேசு எஃப்டி-847, ஐகாம் ஐசி-910எச், கென்வுட் டிஎஸ்-2000 மூன்றும் உண்மையான முழு டூப்ளெக்ஸ். டிஎஸ்-2000-ஐ எடுப்பவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்: அதன் உள்ளேயே பிறக்கும் ஒரு போலி சிக்னல் எஸ்ஓ-50-இன் டவுன்லிங்க் (சாட்டிலைட் கீழே அனுப்புவது) பக்கத்தில் வந்து உட்காரும். ஆர்எஸ்-44-க்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்றுமே வயதான செட்கள், உதிரிபாகம் தேடி அலைய வேண்டிவரும். அருகில் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடியவையும் உண்டு. எஃப்டி-857, எஃப்டி-897, எஃப்டி-991ஏ, ஐசி-705 எல்லாம் இரு பட்டையும் எஸ்எஸ்பியும் உள்ள நல்ல செட்கள். ஆனால் அழுத்தினால் கேட்பது நின்றுவிடும். 'ஸ்ப்ளிட்' (ஒரு அலைவரிசையில் கேட்டு, மாறி இன்னொன்றில் அனுப்பும் வசதி) இருப்பது டூப்ளெக்ஸ் ஆகாது. கென்வுட் டிஎச்-டி72 கைச்செட் உண்மையான முழு டூப்ளெக்ஸ். அதற்குப் பின்னால் வந்த டிஎச்-டி74, டிஎச்-டி75 இரண்டும் அப்படி அல்ல. புதியது என்பதால் மேல் என்று எண்ணி டி75-க்குப் பணம் கொடுத்துவிட வேண்டாம். எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) வகையில் ஹேக்ஆர்எஃப் ஒன் அரை டூப்ளெக்ஸ்தான். அனுப்பவும் கேட்கவும் செய்யும், ஒரே நேரத்தில் செய்யாது.

எஃப்எம் மட்டும் போதும் என்பவருக்கு ஒற்றைப் பெட்டியில் என் முதல் தேர்வு வண்டியில் வைக்கும் பழைய இரட்டைப் பட்டை செட். யேசு எஃப்டி-8800, எஃப்டி-8900, கென்வுட் டிஎம்-வி71 ஆகியவை 145-இல் அனுப்பிக்கொண்டே 436-இல் கேட்கும். எஃப்டி-7900 உருவத்தில் தம்பி மாதிரி இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு கேட்காது, அதை விட்டுவிடுங்கள். இந்தச் செட்களின் வடிகட்டிகள் கைச்செட்டுடையதைவிடக் கெட்டியானவை. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டால் மொட்டை மாடியோ தோட்டமோ எங்கும் போகலாம். பவரைக் கடைசிப் படிக்கு, 5 வாட் அளவுக்கு, இறக்கி வையுங்கள். 50 வாட்டில் அனுப்பினால் சாட்டிலைட்டுக்கு லாபமில்லை, நம் காதுதான் அடையும். ஆண்டெனா சாக்கெட் ஒன்றுதான் என்பதால் தனித்தனி யாகிக்கு வெளியே ஒரு டிப்ளெக்ஸர் (இரு பட்டையையும் பிரிக்கும் வடிகட்டி) கட்டாயம். அதை வாங்கும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வூஷன் கேஜி-யூவி8டி, கேஜி-யூவி9டி கைச்செட்கள் காகிதத்தில் முழு டூப்ளெக்ஸ். 145-இல் அனுப்பும்போது 436-இல் உணர்திறன் விழுந்துவிடுவதுதான் அவற்றின் குறை, நமக்கு வேண்டிய திசையும் அதுவே. தலைக்கு மேலே போகும் பலமான பாஸில் ஓட்டலாம், தாழ்வான பாஸில் கைவிரிக்கும்.

இரண்டாகப் பிரித்தால்

அனுப்பும் பாதிக்கு எஃப்எம்மில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். பௌஃபெங் யூவி-5ஆர் போதும்: 145.850, 5 வாட், 67.0 ஹெர்ட்ஸ் டோன் (சாட்டிலைட் நம்மை ஏற்க, குரலோடு சேர்ந்து போக வேண்டிய தாழ்ந்த ஒலி). எஸ்ஓ-50 ஒருமுறை எழுப்பினால் பத்து நிமிடம்தான் விழித்திருக்கும்; அந்தக் கடிகாரம் ஓய்ந்திருந்தால் 74.4 ஹெர்ட்ஸ் டோனுடன் ஒன்றிரண்டு விநாடி அனுப்பி எழுப்ப வேண்டும். ஆகவே ஒரே அலைவரிசையை இரு டோனுடன் அடுத்தடுத்த மெமரியில் போட்டு வைப்பது நல்லது. விண்வெளி நிலையத்துக்கும் 67.0-தான். 2 மீட்டரில் (145 மெகாஹெர்ட்ஸ் பட்டை) டாப்ளர், அதாவது சாட்டிலைட்டின் வேகத்தால் அலைவரிசை நகர்வது, மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவே என்பதால் அப்லிங்கைத் தொடவே வேண்டாம்.

கேட்கும் பாதிக்கும் இன்னொரு யூவி-5ஆர் போதுமே என்று தோன்றும். அது வேண்டாம். அதன் ரிசீவர் ஒரே சில்லில் அடங்கியது, முன்னால் வடிகட்டி பலவீனம். பக்கத்தில் 5 வாட் எழுந்ததும் ஊமையாகிவிடும். 'சாட்டிலைட்டே வரவில்லை' என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். சாட்டிலைட் வந்துகொண்டுதான் இருக்கும், செட்டின் காது அடைத்திருக்கும். மிச்சம் பிடித்த காசை இங்கே போடுங்கள்.

கேட்க இரண்டு வழி உண்டு. ஒன்று, நல்ல கம்பெனியின் பழைய கைச்செட் அல்லது வண்டி செட். 5 கிலோஹெர்ட்ஸ் படியில் 436.805, 436.800, 436.795, 436.790, 436.785 என்று ஐந்து மெமரி போட்டு, பாஸ் ஏறும்போது மேலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கி வர வேண்டும். ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் வசதியை) முழுக்கத் திறந்து வையுங்கள். இரைச்சல் காதைக் குத்தினாலும் அதைக் கேட்டால்தான் மெலிந்த சிக்னல் தெரியும்.

இன்னொன்று ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். விலை சில ஆயிரம்தான். ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துல்லியக் கடிகாரம் உள்ள வகையையே எடுங்கள், இல்லையென்றால் சூடு ஏற ஏற எஸ்எஸ்பி குரல் நகர்ந்துகொண்டே போகும். மடிக்கணினியில் எஸ்டிஆர்++ அல்லது எஸ்டிஆர் கன்சோல் ஓட்டினால் டவுன்லிங்க் முழுவதும் திரையில் தெரியும். அதில் இருப்பது எட்டு பிட்தான் என்பதால் தானியங்கி கெயினை அணைத்துவிட்டு, நாம் அனுப்பும்போது திரையின் அடித்தளம் எழும்பாத அளவுக்குக் கெயினைக் குறைத்து நிறுத்த வேண்டும். ஏர்ஸ்பை 12 பிட், எஸ்டிஆர்ப்ளே ஆர்எஸ்பி1ஏ 14 பிட். விலை கூடும், தாங்குதிறனும் கூடும். ஃபன்க்யூப் டாங்கிள் ப்ரோ ப்ளஸ்ஸில் இந்த இரு பட்டைக்கும் வடிகட்டி உள்ளேயே இருக்கிறது.

எஸ்டிஆரின் குறை தாமதம். நம் குரல் கால் நொடி பிந்திக் காதில் விழுந்தால் நாக்கு குழறும். ஆடியோ பஃபரை முடிந்தவரை குறையுங்கள். அதற்கு மேலும் தடுமாறினால் முதல் இரண்டு சொல்லைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, பிறகு ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்திவிட்டுத் திரையில் உங்கள் கோடு எழுவதைப் பார்த்தபடியே பேசுங்கள். எந்த வழியானாலும் ஹெட்போன் கட்டாயம், ஸ்பீக்கரில் விட்டால் மைக் அதை வாங்கித் திரும்ப மேலே அனுப்பிக் கூவும்.

வடிகட்டியை எங்கே வைப்பது

இரண்டு செட் வழியின் வெற்றி தோல்வி இங்கேதான். முதலில் காசில்லாத வேலை: 145 யாகியையும் 436 யாகியையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்துங்கள். 145-க்கு மூன்று எலிமெண்ட், 436-க்கு ஐந்து முதல் ஏழு போதும். ஒரே பூமில் குறுக்காகப் போட்டால் கையில் பிடித்தே திருப்பலாம். எலிமெண்டுக்கு அலுமினியக் கம்பி நல்லது. இரும்பு அளவு டேப்பில் செய்தால் குற்றாலச் சாரலில் ஒரு சீசனுக்குள் துரு ஏறிவிடும்.

கேட்கும் பக்கம் 145-ஐ வெட்ட, அந்த அலைவரிசைக்குக் கால் அலைநீளத்தில் முனை திறந்த கோஆக்ஸ் ஸ்டப் (பக்கவாட்டில் இணைக்கும் கேபிள் துண்டு) வைக்கலாம் என்று பலர் செய்து பார்ப்பார்கள். அது 145-ஐ வெட்டும்; 437-இல் அதே துண்டு முக்கால் அலைநீளமாகி அதையும் சேர்த்து வெட்டிவிடும். கேட்க வேண்டியதும் போய்விடும். இதற்குச் சரியான வழி ஒரு சாதாரண டிப்ளெக்ஸர், டைமண்ட் எம்எக்ஸ்-72 அல்லது காமெட் சிஎஃப்-416 போன்றது. பொது முனையை 436 யாகிக்கும், யுஎச்எஃப் முனையை ரிசீவருக்கும் கொடுத்து, விஎச்எஃப் முனையில் 50 ஓம் சுமையை மாட்டிவிடுங்கள். உள்ளே வரும் 145 அந்தச் சுமையில் போய் அடங்கும். ப்ரீஆம்ப் (முன் பெருக்கி) வைப்பதானால் இந்த வடிகட்டிக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் முதலில் ப்ரீஆம்பே நிரம்பி வழியும், பின்னால் எந்த வடிகட்டியும் உதவாது.

அனுப்பும் பக்கம் மூன்றாம் ஹார்மோனிக்கை நிறுத்த கோஆக்ஸ் துண்டே போதும், ஆனால் இரண்டு துண்டு வேண்டும். ஆர்ஜி-58-இல் 11.3 சென்டிமீட்டர் நீளத்தில் முனை திறந்த ஒன்றும், 22.6 சென்டிமீட்டரில் முனையைக் குறுக்கிணைத்த ஒன்றும் வெட்டி, அனுப்பும் கேபிளில் ஒரே இடத்தில் இணையுங்கள். 145.9-இல் ஒன்றின் கொள்ளளவு விளைவை மற்றதன் தூண்டல் விளைவு ரத்து செய்வதால் அனுப்பும் சிக்னல் தடையின்றிப் போகும். 437.7-இல் இரண்டுமே குறுக்குச்சுற்றாகி ஹார்மோனிக்கை வெட்டும். 0.66 வேகக் காரணி உள்ள கேபிளுக்கான கணக்கு இது. நுரைக் காப்பு கேபிளுக்கு மாறும். டி இணைப்பானின் நீளமும் சேரும் என்பதால் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, நானோவிஎன்ஏ (அலைவரிசைவாரியாக அளந்து காட்டும் சிறு கருவி) வைத்துப் பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். மலிவு செட் அனுப்பியாக இருக்கும்போது இந்த இரு துண்டும் அவசியம்.

வாங்கும் முன் சோதனை

விற்பவர் வீட்டிலேயே செய்துவிடலாம். நண்பர் ஒருவர் கைச்செட்டில் ஆண்டெனாவைக் கழற்றி டம்மி லோடு (பவரை விழுங்கும் போலிச் சுமை) மாட்டி, குறைந்த பவரில் 437.800-இல் அனுப்பியபடி உங்களிடமிருந்து தள்ளித் தள்ளிப் போகட்டும். ஸ்குவெல்ச் திறந்த நிலையில் இரைச்சலும் குரலும் கலந்து கேட்கும் இடத்தில் அவர் நிற்கட்டும். இப்போது 145.990-இல் பீடிடியை அழுத்துங்கள். குரல் அறவே நின்றால் அது டூப்ளெக்ஸ் செட்டே அல்ல. குரல் மங்கி இரைச்சல் ஏறினால் உணர்திறன் விழுகிறது; பவரைக் குறைத்துப் பாருங்கள், வடிகட்டி வைத்துப் பாருங்கள். மாற்றமே இல்லையென்றால் தயங்காமல் வாங்குங்கள். சோதனைக்கு விண்வெளி நிலையத்தின் அலைவரிசையை எடுத்தது, இருப்பதில் கடுமையானது அதுதான் என்பதால்.

எஸ்எஸ்பி வேண்டும் என்றால்

ஒரு பாஸில் ஒரே குரல் என்ற நெருக்கடி எஃப்எம்மில்தான். ஆர்எஸ்-44 உயரத்தில், 1,200 முதல் 1,500 கிலோமீட்டர் அளவில் சுற்றுவதால் பாஸ் இருபது நிமிடத்துக்கும் நீளும், பலர் ஒரே நேரத்தில் பேசலாம். இதற்கு என் பரிந்துரை: அனுப்ப ஒரு பழைய எஃப்டி-817 அல்லது 818, கேட்க எஸ்டிஆர். இரண்டு 817 வைத்து நடத்துபவர்களும் உண்டு. திரையில் டவுன்லிங்க் முழுவதையும் பார்க்கும் வசதி அதில் இல்லை, செலவும் இரட்டிப்பு. ஏற்கெனவே எஃப்டி-857 அல்லது ஐசி-705 கையில் இருப்பவர் அதை விற்க வேண்டாம், அனுப்ப அதுவே தாராளம்.

மேலே எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை), கீழே யூஎஸ்பி (மேல் பக்கப்பட்டை). வாங்கும் பட்டையைத் திருப்பிப் போட்டுக் கொடுக்கும் தலைகீழ் டிரான்ஸ்பாண்டர் என்பதால் இரு அலைவரிசையின் கூட்டுத்தொகை, டாப்ளரை விட்டுவிட்டால், எப்போதும் 581.605. மேலே 145.965 என்றால் கீழே 435.640 அருகில் தேடுங்கள். முதலில் 435.605-இல் பீக்கனை (சாட்டிலைட் தானே அனுப்பும் அடையாளச் சிக்னலை) பிடியுங்கள். அது திரையில் தெரிந்துகொண்டிருக்கும்போதே அழுத்திப் பாருங்கள். பீக்கன் கோடு மங்கினால் உங்கள் வடிகட்டி இன்னும் போதவில்லை. வானில் இருந்தே கிடைக்கும் இலவசச் சோதனை இது. பிறகு ஒரு சிறு விசில் கொடுத்து உங்கள் கோட்டைக் கண்டுபிடித்து அப்லிங்கைச் சரிசெய்துகொண்டு பேசத் தொடங்குங்கள். உங்கள் கோடு பீக்கனைவிடப் பிரகாசமாக இருந்தால் பவரைக் குறையுங்கள், மற்றவர்களின் பங்கையும் நீங்கள் இழுக்கிறீர்கள் என்று பொருள்.

25.9 டிகிரி கிழக்கில் நிலையாக நிற்கும் கியூஓ-100 சாட்டிலைட்டும் நம் வானில் தெரியும். செங்கோட்டையிலிருந்து திசை 263 டிகிரி, உயரம் சுமார் 30 டிகிரி. அங்கே நம் குரலைக் கேட்டபடி பேசுவதும், பீக்கனைவிடப் பலமாகப் போகாமல் இருப்பதும் எழுதப்பட்ட விதி. டிஷ், எல்என்பி, ப்ளூட்டோ எஸ்டிஆர், 2.4 கிகாஹெர்ட்ஸ் பெருக்கி என்று அதன் சாமான்களே வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் உங்கள் உரிமத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பும் பாகம் எதையும் வாங்க வேண்டாம்.

மலை எவ்வளவு மறைக்கும்

தென்காசி, கம்பம் பக்கம் செட்டைத் தேர்ந்தெடுப்பதில் மலைக்கும் பங்கு உண்டு. 1,000 மீட்டர் உயர்ந்த முகடு 4 கிலோமீட்டரில் நின்றால் மேற்கே 14 டிகிரி வரை வானம் இல்லை. கியூஓ-100 அதற்கு மேலே இருப்பதால் தப்பும். ஆனால் எஸ்ஓ-50-இன் மேற்குப் பாஸ் தொடக்கத்தில் பல நிமிடம் போய்விடும். அந்த ஊர்களில் கைக்கு அடக்கமான, தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்குப் போகக்கூடிய இரண்டு செட் ஏற்பாடு வீட்டு மேசையில் நிற்கும் பெரிய செட்டைவிட அதிகப் பாஸ் கொடுக்கும். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களுக்கு மேற்கு திறந்தே இருக்கிறது, அங்கே வீட்டிலேயே நிரந்தர ஆண்டெனா வைப்பது பொருந்தும். கட்டத்துக்காக (ஹாம்கள் உலக வரைபடத்தைப் பிரித்து எண்ணிட்ட சதுரங்களுக்காக) அலைபவர்கள் கவனத்துக்கு: செங்கோட்டையும் கொல்லமும் ஒரே எம்ஜே88. கம்பம் போனால் எம்ஜே89, பாலக்காடு போனால் எம்கே80.

எஃப்எம் மட்டும் போதும், கையில் ஒரு யூவி-5ஆர் இருக்கிறது என்றால் ஆர்டிஎல்-எஸ்டிஆர், டிப்ளெக்ஸர், இரண்டு யாகி. அதற்குமேல் இப்போது எதுவும் வாங்க வேண்டாம். மடிக்கணினி தூக்க மனமில்லாதவர் பழைய எஃப்டி-8800 அல்லது டிஎம்-வி71 தேடட்டும். எஸ்எஸ்பி-யில்தான் நிலைக்கப்போகிறோம் என்று உறுதியானவர் எஃப்டி-817-உடன் 12 பிட் எஸ்டிஆருக்குப் போகலாம். எதை எடுத்தாலும் டிப்ளெக்ஸருக்கும் 50 ஓம் சுமைக்கும் பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.